உளவியல் மாநாட்டில் பின்னணித் தன்னார்வலராகப் போனால் என்ன வேலை இருக்கும், என்ன கிடைக்கும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். உங்கள் துறை நடத்தும் மூன்று நாள் மாநாட்டுக்குத் தன்னார்வலர்களைத் தேடுகிறார்கள். மேடையேறக் கூச்சம், அதனால் பின்னணி வேலைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். அங்கே என்னதான் வேலை இருக்கும், பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது அது உதவுமா, இல்லை மூன்று நாள் நாற்காலி தூக்கிவிட்டு வருவதுதானா? இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வேலை என்ன என்பதற்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். பலன் என்ன என்பதில் பாதிதான் உறுதி, மீதி ஊகம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். பின்னணி வேலை என்றால் யாரோடும் பேச வேண்டாத வேலை என்று அர்த்தமில்லை. பதிவு மேசையில் உட்கார்ந்தால் ஒரே காலையில் நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதில் சிலர் எரிச்சலோடுதான் வருவார்கள். கூச்ச சுபாவக்காரர்களுக்குத் தோதானவை மூன்று: மாநாட்டுக்கு முன்பு நடக்கும் ஆய்வுச் சுருக்க வேலை, அரங்கில் கணினியையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளும் வேலை, ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒட்டிக் காட்டும் போஸ்டர் பகுதி. கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது அரங்கில்தான். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆய்வுச் சுருக்க வேலை மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். பேச விரும்புபவர்கள் அனுப்பிய ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எழுதியவர் யார் என்று தெரியாதபடி ஆக்கி மதிப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். தலைப்பின் கீழே இருக்கும் பெயரை அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. கோப்பின் பெயரிலேயே ஆள் பெயர் இருக்கும். வேர்டு கோப்பின் பண்புகளைத் திறந்தால் அங்கேயும் இருக்கும். உளவியல் சுருக்கங்களில் இன்னொரு இடமும் உண்டு: ‘இன்ன பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு’ என்று நடுவில் வரும் வரி. பெயரை மறைத்துவிட்டு இந்த வரியை விட்டால் மறைத்ததற்குப் பயனில்லை. அடுத்தது நிகழ்ச்சி நிரல். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில் பேசுவதாக அச்சாகிவிடுவது அடிக்கடி நடக்கும். காரணம், ஒரு படிவத்தில் முழுப்பெயர், இன்னொன்றில் முதலெழுத்தோடு சுருக்கிய பெயர். எக்ஸெலுக்கு இருவரும் வெவ்வேறு ஆட்கள். பெயரை வைத்துத் தேடாமல் மின்னஞ்சல் முகவரியை வைத்து வரிசைப்படுத்தினால் பெரும்பாலான மோதல்கள் கண்ணில் பட்டுவிடும். கூட்டுக் கட்டுரைகளில் எல்லா ஆசிரியர்களின் மின்னஞ்சலும் இருக்காது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பதிவு மேசையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 300 பேர் வருகிறார்கள், தொடக்க விழாவுக்கு முந்தைய 45 நிமிடத்தில் எல்லோரும் உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம் பிடித்தால் ஒரு மேசையில் 45 பேர், ஆக ஏழு மேசைகள் வேண்டும். அடையாள அட்டை, பை, நிரல் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே சேர்த்துக் கட்டி அகர வரிசையில் அடுக்கிவிட்டால் ஆளுக்கு 20 விநாடி, மூன்று மேசைகள் போதும். ஆனால் நான்காவதாகத் தனியே ஒரு மேசை அவசியம். பணம் கட்டியும் பட்டியலில் பெயர் இல்லாதவர், பெயரில் எழுத்துப்பிழை என்பவர், நண்பருக்குப் பதிலாக வந்தவர் எல்லோரும் அங்கே போக வேண்டும். இப்படி ஒருவர் சாதாரண வரிசையில் நின்றுவிட்டால் பத்து நிமிடம் அந்த வரிசை அசையாது. பட்டியலை முதற்பெயர்ப்படி ஒன்று, குடும்பப்பெயர்ப்படி ஒன்று என இரண்டாக அச்சிடுங்கள். அட்டையில் பெயரை இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கழுத்தில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொண்டு வெற்றுப் பக்கத்தைத்தான் காட்டும்.

இனி அரங்கு. இங்கே உங்கள் வேலையில் முக்கால்வாசி அமர்வு தொடங்குவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். பேசுபவர்களின் கோப்புகளை எல்லாம் அரங்கக் கணினியில் ஒரே உறையில் (ஃபோல்டரில்) போட்டு, 01, 02 என்று பேசும் வரிசை எண்ணைப் பெயருக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து கடைசி ஸ்லைடு வரை ஓட்டிப் பாருங்கள். எழுத்துரு மாறிக் கட்டங்களாகத் தெரிகிறதா, 4:3 அளவில் செய்த ஸ்லைடு 16:9 திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு சுருங்கித் தெரிகிறதா, வீடியோ ஓடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வீடியோ ஓடும், சத்தம் வராது. அரங்குகளில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான். எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகியதும் கணினி ஒலியையும் அந்த வழியாக ப்ரொஜெக்டருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ப்ரொஜெக்டரில் ஒலிபெருக்கி இருக்காது, இருந்தாலும் அரங்குக்குப் போதாது. திரையின் கீழ் மூலையில் உள்ள ஒலிக் குறியைத் தட்டி, வெளியீட்டை அரங்க ஒலிபெருக்கி செருகியிருக்கும் வழிக்கு மாற்றினால் சரியாகிவிடும். பத்து விநாடி வேலை. இது தெரியாவிட்டால், சிகிச்சை உரையாடல் ஒன்றைக் காட்ட வந்தவர் ஊமைப்படம் காட்டிவிட்டுப் போவார்.

கணினி தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள், அறிவிப்புகளை அணையுங்கள், சார்ஜரைச் செருகியே வையுங்கள். சொந்த லேப்டாப்பில்தான் காட்டுவேன் என்பவருக்காக யு.எஸ்.பி.-சி இணைப்பான் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். பேச்சாளருக்கு மட்டும் தெரிய வேண்டிய குறிப்புகள் பெரிய திரையில் தெரிந்தால் விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தித் திரை முறையை மாற்றலாம். ஸ்லைடு மாற்றும் கிளிக்கருக்கு மாற்று பேட்டரி எது என்று முதல் நாளே திறந்து பார்த்து வாங்கி வையுங்கள். பேட்டரி எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, அமர்வின் நடுவில்தான் போகும்.

நேரம் காட்டுவதை எளிய வேலை என்று நினைப்பார்கள். ஒரு மணி நேர அமர்வில் நான்கு பேர், ஆளுக்கு 12 நிமிடப் பேச்சும் 3 நிமிடக் கேள்வியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூவரும் நான்கு நான்கு நிமிடம் கூடுதலாக எடுத்தால் கடைசி ஆளுக்கு மிஞ்சுவது 3 நிமிடம். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் ஒரு மாணவராக இருப்பார். அவருடைய முதல் மாநாட்டுரையாகக்கூட இருக்கலாம். ஆகவே தொடங்கும் முன்பே அமர்வுத் தலைவரிடம் போய், ‘5, 2, முடிந்தது என்று மூன்று அட்டைகள் காட்டுவேன், மூன்றாவது அட்டைக்குப் பிறகு நீங்கள் நிறுத்திவிடுவீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். பேச்சை நிறுத்துவது உங்கள் அதிகாரத்தில் இல்லை, அது தலைவருடையது. முன்வரிசையில் பேச்சாளரின் நேர்ப்பார்வையில் உட்காருங்கள். அட்டையை ஒரு கணம் தூக்கிவிட்டு இறக்காதீர்கள், அவர் தலையசைக்கும் வரை பிடித்திருங்கள். ஒருவர் வரவில்லை என்றால் அடுத்தவரை முன்னால் இழுத்துவிடலாமே என்று தோன்றும். ஒரே நேரத்தில் பல அரங்குகள் நடக்கும் மாநாட்டில் அது கூடாது. நிரலில் உள்ள நேரத்தை நம்பி அடுத்த அரங்கிலிருந்து ஓடி வருபவர் பேச்சைத் தவறவிடுவார். அந்த இடைவெளியைக் கலந்துரையாடலுக்கு விட்டுவிடும்படி தலைவரிடம் சொல்லலாம்.

கேள்வி நேரத்தில் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் உங்கள் தலையில்தான் விழும். ‘மைக் வேண்டாம், என் குரலே போதும்’ என்பவரிடமும் நீட்டுங்கள். காது சரியாகக் கேட்காதவர்கள் அரங்கில் இருப்பார்கள், இணையவழியில் பார்ப்பவர்களுக்கு மைக் இல்லாத கேள்வி கேட்கவே கேட்காது. முடிந்தால் மைக்கைக் கையில் விடாமல் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். கேள்வி என்று தொடங்கிச் சொற்பொழிவாகப் போவது அதனால் ஓரளவு குறையும்.

போஸ்டர் பகுதியில் அளவுதான் எல்லாம். ஏ0 தாளின் அளவு 841 × 1189 மி.மீ. ஒரு மீட்டர் அகலப் பலகையில் அதை நெடுக்காக ஒட்டலாம், படுக்கையாக ஒட்டினால் பக்கத்துப் பலகைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ‘ஏ0’ என்று மட்டும் அறிவித்துவிட்டு நெடுக்கா படுக்கையா என்று சொல்லாமல் விட்டால் அன்று காலை சண்டைதான். பலகை துணி போர்த்தியதா, மரமா, நெகிழியா என்று முன்கூட்டியே தொட்டுப் பாருங்கள், குண்டூசியா ஒட்டுநாடாவா என்பது அதைப் பொறுத்தது. சக்கர நாற்காலி திரும்ப இடம் விட்டுப் பலகைகளை நிறுத்துங்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் முதல் பாதியிலும் இரட்டைப்படைக்காரர்கள் அடுத்த பாதியிலும் தங்கள் போஸ்டர் அருகே நின்றால் நெரிசல் பாதியாகும்.

இதுவரை சொன்னது எந்தத் துறை மாநாட்டுக்கும் பொருந்தும். உளவியல் மாநாட்டுக்கென்றே சில உண்டு, இவற்றில்தான் தன்னார்வலர்கள் தெரியாமல் பெரிய தவறு செய்துவிடுகிறார்கள். சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் கதையோ குரலோ முகமோ ஸ்லைடில் வரலாம். அவர் இந்த அரங்கில், இந்தக் கூட்டத்துக்குக் காட்டத்தான் சம்மதித்திருப்பார். அரங்கக் கணினியில் நகலெடுத்த கோப்பு அங்கேயே கிடந்தால் அடுத்த நாள் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அமர்வு முடிந்ததும் உறையை அழியுங்கள், கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், பதிவிறக்க உறையில் இன்னொரு நகல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘சார், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்’ என்று பேச்சாளரிடம் கேட்கவே கேட்காதீர்கள். அது உங்கள் போனில் தங்கிவிடும், அங்கிருந்து தானாகவே வேறெங்கும் சேமிக்கப்படவும் கூடும். நேரலையோ பதிவோ நடந்தால், நோயர் விவரம் வரும் பகுதியில் நிறுத்த வேண்டுமா என்று பேச்சாளரிடம் முன்பே கேட்டு, கேமரா இயக்குபவரிடம் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, சோதனைப் பொருட்கள். நுண்ணறிவுச் சோதனைகளின் வினாக்கள் வெளியே தெரிந்துவிட்டால் அந்தச் சோதனை அளக்க வேண்டியதை அளக்காது. பயிற்சிப் பட்டறைக்கு உபகரணப் பெட்டி வந்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், வினா ஏடுகளைப் படமெடுக்க விடாதீர்கள். 1921இல் வெளியான, ரோர்ஷாக் என்ற மனநல மருத்துவரின் சோதனைக்கான 10 மைத்தட அட்டைகளும் எப்போதோ இணையத்துக்கு வந்துவிட்டனவே என்று யாராவது வாதாடுவார். உண்மைதான். அதற்காக மற்றவையும் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. வெளியிடப்படாத தரவு உள்ள போஸ்டர்களுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘படம் எடுக்க வேண்டாம்’ என்ற சிறு ஒட்டிகளைப் போஸ்டர்காரர்களிடமே கொடுத்துவிட்டால் வேண்டியவர் ஒட்டிக்கொள்வார்.

மூன்றாவதுதான் கடினமானது. தற்கொலை, பாலியல் வன்முறை, பேரிடர் பற்றிய அமர்வுகளில் யாராவது கண்கலங்கி எழுந்து வெளியே போகலாம். பின்னாலேயே ஓடி ‘என்ன ஆச்சு?’ என்று கேட்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று, ‘தண்ணீர் வேண்டுமா? அமைதியான அறை ஒன்று இருக்கிறது, காட்டட்டுமா?’ என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுங்கள், ஆனால் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருங்கள். உளவியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு சபலம் வரும், வகுப்பில் படித்ததை எல்லாம் அந்த இடத்திலேயே செய்து பார்க்க. செய்யாதீர்கள். நீங்கள் அங்கே தன்னார்வலர், ஆலோசகர் இல்லை. பொறுப்பாளர் ஒருவரை மாநாட்டுக் குழு முன்பே நியமித்திருக்க வேண்டும்; அவருடைய எண் முதல் நாளே உங்கள் போனில் இருக்க வேண்டும். நியமிக்கவில்லை என்றால், யாரை அழைப்பது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்துகொண்டு அந்தப் பொறுப்பாளரை உடனே வரவழையுங்கள். யார் அழுதார் என்பதைத் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். சில தலைப்புகள் உங்களையே தொந்தரவு செய்யும் என்றால் வேறு அரங்கு கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வருகைப் பதிவுத் தாளையும் இதோடு சொல்லிவிட வேண்டும். சில நாடுகளில் உளவியலாளர்கள் உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி மணிநேரங்கள் காட்ட வேண்டும், அதனால் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் குறிக்கும் மாநாடுகள் உண்டு. ‘எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடப்பா’ என்று பெரியவர்களே கேட்பார்கள். ‘தாளை ஒருங்கிணைப்பாளர் சரிபார்ப்பார் மேடம், என்னால் முடியாது’ என்று சொல்லிவிடுங்கள். பேராசிரியரிடம் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்தான். அந்தச் சுமையை ஒருங்கிணைப்பாளர் மேல் ஏற்றிவிட்டால் சொல்வது எளிது.

தன்னார்வலர் குழுவுக்குள் நடக்கும் குளறுபடிக்கு நம் பாடப்புத்தகத்திலேயே விளக்கம் இருக்கிறது. டார்லி, லடானே என்ற உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட சோதனையில், இன்னொருவருக்கு வலிப்பு வருவதைத் தான் மட்டும் கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு ஓயும் முன் உதவி தேடிப் போனார்கள். வேறு நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் போனார்கள். ‘யாராவது மூன்றாம் அரங்குக்கு ஒரு மைக் கொண்டு போங்க’ என்று நாற்பது பேர் உள்ள குழுவில் வரும் செய்திக்கும் இதே கதிதான். வாட்ஸ்அப் செய்தியும் வலிப்பும் ஒன்றல்ல, ஆனாலும் ‘யாராவது’ என்ற சொல்லுக்குப் பதில் ஒரு பெயரைப் போட்டு, ‘போகிறேன்’ என்ற பதில் வரும் வரை விடாமல் இருந்தால் வேலை நடக்கிறது.

மாநாடு முடிந்த மறுநாள் சான்றிதழ் வேலை. எக்ஸெலில் பெயர்கள் உள்ள நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்திவிட்டால் பெயர்கள் நகரும், மின்னஞ்சல்கள் நகராது. ஒருவர் சான்றிதழ் இன்னொருவருக்கு, முன்னூறு பேருக்கும் அப்படியே போய்விடும். முழுப் பட்டியலையும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துங்கள், எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன் மூன்று வரிகளைக் குழுவில் உள்ளவர்களின் முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள்.

இப்போது பலன். உறுதியாகக் கிடைப்பவை: மாநாடு எப்படிக் கட்டப்படுகிறது என்ற அறிவு, நல்ல சுருக்கத்துக்கும் மோசமானதற்கும் உள்ள வேறுபாட்டை அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு, பேச்சு எங்கே சொதப்புகிறது என்ற கண். அரங்கில் மூன்று நாள் இருந்தால் இருபது முப்பது உரைகளைக் கேட்டுவிடுவீர்கள். உங்கள் முறை வரும்போது அது கைகொடுக்கும். ஐயத்துக்குரியவை: பிஎச்.டி. இடம், பெரிய பேராசிரியர்களின் அறிமுகம், கூச்சம் போவது. முதன்மை உரையாளரோடு உங்களுக்குக் கிடைப்பது மைக் மாட்டிவிடும் இரண்டு நிமிடம். அதற்குள் உங்கள் ஆய்வை விளக்க முயன்றால் அவருக்கு எரிச்சல்தான் வரும். பரிந்துரைக் கடிதம் விஷயத்திலும் எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். ஒருங்கிணைப்பாளரால் உங்கள் பொறுப்புணர்வுக்குச் சான்று தர முடியும், ஆய்வுத் திறனுக்கு முடியாது. தேர்வுக்குழுக்கள் பொதுவாகத் தேடுவது இரண்டாவதை. சுயவிவரத்தில் ‘தன்னார்வலர்’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல், எத்தனை நாள், எத்தனை அமர்வு, என்ன பொறுப்பு என்று ஒரு வரி எழுதுங்கள், அது போதும்.

பெயர் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பதிவுக் கட்டணம் தள்ளுபடியா, வேலை இல்லாத நேரத்தில் நான் விரும்பும் அமர்வில் உட்காரலாமா, சாப்பாட்டு நேரத்தில் என் இடத்தில் யார் நிற்பார், இரவு தாமதமானால் வீடு திரும்ப என்ன ஏற்பாடு. அமர்வில் உட்கார முடியாது என்று சொன்னால் இந்த ஒரு மாநாட்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பணம் வாங்கும் பொறுப்பை ஏற்காதீர்கள். அன்று காலை நேரில் வந்து பதிவு செய்பவர்களின் கட்டணத்தை, ‘இப்போதைக்கு உங்கள் போன் கணக்கில் வாங்கி வையுங்கள், மாலையில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், மாநாட்டின் கணக்கு எண்ணையோ ரசீதுப் புத்தகம் வைத்திருக்கும் ஆளையோ காட்டச் சொல்லுங்கள்.